வக்காலத்தில் இருக்கும் எண்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலை. இயந்திரத்தில் விரல்களை இழந்த ஒடிசாத் தொழிலாளியின் கட்டிலருகே கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீட்டுவது நிரப்பப்படாத வக்காலத்து. தமிழ் படிக்கத் தெரியாதவர் கையெழுத்துப் போடுகிறார். வந்தவர் வக்கீல்தானா என்று அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

தொழிலாளர் வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் எனக்கு இது பெரும் கவலை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி தவறு செய்த வழக்கறிஞரைப் பார் கவுன்சில் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பெயரையே நீக்கலாம். பதிவே இல்லாத போலிமீது அதற்கு இந்த அதிகாரம் கிடையாது. 45ஆவது பிரிவு அவருக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை என்கிறது. அதுவும் நீதிமன்றத்திலோ வேறு அதிகார அமைப்பிலோ வாதாடினால்தான். கோர்ட்டுப் படியே ஏறாமல் ஆலை நிர்வாகத்திடம் பேரம் பேசிப் பணத்தோடு போய்விடுபவர்மீது மோசடிப் புகார்தான் கொடுக்க முடியும். சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிட்ட தொழிலாளி எங்கிருந்து புகார் கொடுப்பார்?

நீதிமன்றத்துக்குள்ளும் நிலைமை மேலில்லை. ஆலப்புழையில் சட்டப் பட்டம் பெறாத ஒருவர் வேறொருவரின் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வழக்காடினார். வழக்கறிஞர் சங்கப் பொறுப்புக்கும் தேர்வானார். 2021இல் அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு மொட்டைக் கடிதம். அதுவரை அந்த எண்ணை யாரும் பதிவேட்டோடு ஒப்பிடவில்லை. 2015இல் டெல்லியின் சட்ட அமைச்சராக இருந்த ஜிதேந்தர் சிங் தோமரே போலிப் பட்டப் புகாரில் கைதானார். சான்றிதழ்களைச் சரிபார்க்க நீதிபதி தீபக் குப்தா தலைமையில் உச்ச நீதிமன்றம் குழு அமைத்தது 2023 ஏப்ரலில்தான். அதற்குப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் கேட்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால், கட்டிலில் கிடப்பவரின் கண்ணுக்கு அது எட்டவில்லை.

விபத்தில் தொழிலாளி இறந்தால் இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும், குடும்பத்திடம் நேரடியாகக் கொடுத்தது கணக்கில் வராது என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே வகுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தை முதலாளி ஏமாற்றிவிடக் கூடாது என்ற அக்கறை அது. அதே அக்கறை வக்கீல் விஷயத்திலும் வேண்டும். வக்காலத்தில் இருக்க வேண்டிய தமிழ்நாட்டு வழக்கறிஞரின் பதிவு எண் ‘எம்.எஸ்.’ என்று தொடங்கும். வரிசை எண்ணும் ஆண்டும் பின்னால் வரும். பொன்னேரி, திருவள்ளூர் நீதிமன்ற வாசல்களிலும் சிப்காட் ஆலைகளின் நுழைவாயில்களிலும் இதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்கட்டும். எண்ணைச் சரிபார்க்கப் பார் கவுன்சிலின் தொலைபேசி எண்ணும் கீழே இருக்கட்டும். எண்ணில்லாத வக்காலத்தை எழுத்தர் மேசையிலேயே திருப்பி அனுப்பட்டும்.