வழிந்து வந்தவர்களா நாம்?

மாதச் சம்பளம் வாங்கும் நம் தோழர்கள், தொழில் வரி என்று 200 ரூபாயும் பிப்ரவரியில் 300 ரூபாயும் பிடித்தமாவதைப் பார்த்திருப்பார்கள். எதற்கு இந்த வரி என்று கேட்டால், பிடிக்கிற குமாஸ்தாவே விழிப்பார், நானும் விழித்தவன்தான். 1975-இல் மகாராஷ்டிர அரசு இதைச் சட்டமாக்கியபோது, கிராமத்தில் வேலை கேட்பவருக்கு வேலை கொடுக்கும் திட்டத்துக்குப் பணம் திரட்டவே என்று சொன்னது. ஆக, தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த நாம், மராட்டியக் கிராமத்து ஏழையின் கூலிக்குப் பங்கு கொடுத்திருக்கிறோம். நம்மை வந்தேறிகள் என்போர் இதைக் கணக்கில் எழுதுவதில்லை.

இப்படி ஒரு திட்டம் வேண்டுமென்று வாதாடியவர்களில் ஒருவர் நம் புனேக்காரர், பேராசிரியர் வி. எம். தாண்டேகர் (1920-1995). 1930-இல் தொடங்கிய கோகலே அரசியல் பொருளாதார நிறுவனத்தில், டி. ஆர். காட்கிலுக்குப் பின் இயக்குநராக இருந்தவர். புள்ளியியல் படித்தவர். டெக்கான் ஜிம்கானா பக்கம் மரநிழலில் இருக்கும் அந்தக் கட்டடத்தைக் கடந்து போகும் நம்மவர்கள், உள்ளே நம் வயிற்றுக் கணக்குதான் போடப்பட்டது என்று அறிய நியாயமில்லை.

1971-இல் அவரும் நீலகண்ட ரத்தும் 'இந்தியாவில் வறுமை' என்ற ஆய்வை வெளியிட்டார்கள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2250 கலோரி உணவு. அதற்கு எவ்வளவு வருமானம் வேண்டும். அது இல்லாதவர் எத்தனை பேர்? 1960-61-இல் கிராமங்களில் ஏறத்தாழ 40 சதவீதம், நகரங்களில் ஏறத்தாழ 50 சதவீதம் என்று விடை வந்தது. அறுபதுகளின் வளர்ச்சியில் பெரும் பங்கு மேலே இருந்தவர்களுக்கே போயிற்று, நகரத்தின் அடித்தட்டு 20 சதவீதத்தினரின் நிலை இன்னும் தாழ்ந்தது என்றும் எழுதினார்கள். சர்க்காருக்கு இது இனிக்கவில்லை.

நகரத்து ஏழை என்பவர் கிராமத்து வறுமை வழிந்து வந்தவரே என்பது அவர்கள் சொன்ன இன்னொன்று. இந்தச் சொல் நம்மைச் சுடுகிறது. 1966 முதல் பம்பாயில் சிவசேனை தென்னிந்தியரை விரட்டக் கிளம்பியதை அனுபவித்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் தாண்டேகர் நம்மேல் குற்றம் சொல்லவில்லை. ஊரில் வேலை இருந்தால் யார் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி வந்து சாலையோரம் குடிசை போடுவார் என்றே கேட்டார். கிராமத்திலேயே வேலைக்கு உத்தரவாதம் கொடு, அதற்கான பணத்தை வசதி படைத்தவர்களிடம் வாங்கு என்றார்.

ஒன்றில் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. பங்கிட்டுக் கொடுத்து வறுமையைத் தீர்க்கும் அளவுக்கு நிலம் இல்லை என்றார். கணக்குப்படி சரியாக இருக்கலாம். தஞ்சையில் பண்ணையாளாக இருந்தவரின் பேரனைக் கேட்டால் வேறு சொல்வான். 1968-இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வுப் போராட்டத்தின் முடிவில் 44 உயிர்கள் தீயில் எரிந்தன. நிலம் உள்ளவனிடம் கைகட்டி நிற்பதன் விலையை எந்தக் கலோரியில் அளப்பது? இதே புனேயில் வாழ்ந்த பி. வி. சுகாத்மே, குறைந்த உணவுக்கும் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும் என்று தாண்டேகரோடு வாதாடினார். மார்க்கெட் யார்டில் மூட்டை தூக்கும் நம் தோழர் ஒருவரையும் அந்த விவாதத்துக்கு அழைத்திருக்கலாம்.

மகாராஷ்டிர வேலை உத்தரவாதச் சட்டம் 1977-இல் நிறைவேறி, 1979 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்தது. இதில் வி. எஸ். பாகே போன்ற சட்டமன்றத்தாரின் உழைப்பும், 1972 வறட்சியில் வேலை கேட்டுத் திரண்ட ஜனங்களின் பங்கும் பெரிது. 2005-இல் பாராளுமன்றமும் சட்டம் செய்தது. நம் ஊர்த் தாய்மார்கள் 'நூறு நாள் வேலை' என்று மண்வெட்டி எடுத்தது அதில்தான்.

ஆனால் அந்தச் சட்டங்கள் கிராமத்து எல்லையோடு நின்றன. காலை ஏழு மணிக்கு நாக்காவில் நின்று, பத்து மணிக்கு வெறும் தூக்குச்சட்டியோடு வீடு திரும்புபவருக்கு அவற்றில் இடமில்லை. கேரளம் 2010-இல் அய்யன்காளி பெயரில் நகரத்துக்கும் ஒரு திட்டம் தொடங்கியது. புனேயிலும் கேட்போம். வெறுங்கையோடு போய்க் கேட்டால் அதிகாரி சிரிப்பான்.

ஆகவே வரும் மாதம் நமது சங்கத் தோழர்கள் நோட்டுப் புத்தகத்தோடு தாடிவாலா சாலையிலும் கட்கியிலும் வீடு வீடாக வருவார்கள். வேலை கிடைத்த நாள் எத்தனை, வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பிய பணம், வட்டி எல்லாவற்றையும் கேட்பார்கள். கௌரவம் பார்த்துக் கடனை மறைக்காதீர்கள். வீட்டுக் கணக்கு அறிந்தவர்கள் தாய்மார்களே. அவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.