கோட்டைக்கு வருபவர் வயலுக்கும் வரட்டும்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் கால ராணுவ அரண்கள் என்று சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. மற்ற 11ம் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. இனிக் கோட்டையைக் காண வருவோர் பெருகுவார்கள் என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். பெருகட்டும். ஆனால் கோட்டையைச் சுற்றி மணிலாவும் நெல்லும் கரும்பும் பயிரிடும் சிறு விவசாயிக்கு இதனால் என்ன பயன் என்பதே கேள்வி.

சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ காலையில் புறப்படுபவர் திண்டிவனம் வழியே வந்து, ராஜகிரி ஏறி இறங்கி, சாலையோர ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். வழிநெடுக வயல்கள் இருந்தும் வயலுக்குரியவன் கைக்கு ஒரு காசும் வந்து சேராது.

இத்தாலியில் என்ன செய்தார்கள்?

இத்தாலியில் பிளாரன்ஸ், சியன்னா நகரங்களுக்கு இடையே கியாந்தி என்ற குன்றுப் பகுதி உள்ளது. பழைய கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு, தோட்டத்திலேயே உணவருந்தி, அங்கு விளைந்த ஆலிவ் எண்ணெயும் திராட்சை மதுவும் வாங்கிக்கொண்டு பயணிகள் திரும்புகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குன்றுப் பகுதி மக்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். பண்ணை வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. பண்ணைக்கு விருந்தினரை வரவழைக்கும் தொழிலுக்கென 1985ல் அந்நாடு சட்டம் இயற்றியது. விவசாயமே முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாகவே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். மகாராஷ்டிர அரசும் 2020ல் வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நம்மிடம் உள்ளவை

'இங்கே திராட்சை ஏது?' என்று கேட்கலாம். திராட்சை கம்பம் பள்ளத்தாக்கின் பயிர். இந்த மண்ணின் பயிர் மணிலா. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் இந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அறுவடைக் காலத்தில் செடியோடு பிடுங்கிய பச்சை மணிலாவை வேகவைத்துக் கொடுத்தால் பட்டணத்துப் பிள்ளைகள் விடுவார்களா? கோடையில் தர்ப்பூசணி, தைக்குப் புதுநெல், செக்கில் ஆட்டிய எண்ணெய் என்று பருவத்துக்கொன்று உண்டு. மலை ஏற்றம் வெயிலுக்கு முன் முடிந்துவிடும். பிற்பகல் வயலுக்கு மிச்சம்.

எச்சரிக்கையும் வேண்டும். கடன் வாங்கி அறைகள் கட்ட வேண்டாம். ஒரு மர நிழல், நல்ல குடிநீர், சுத்தமான கழிப்பறை இருந்தால் தொடங்கப் போதும். தரைக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் அவசியம். மருந்து தெளித்த வயலுக்குள் யாரையும் விடக் கூடாது. உணவுப் பொருள் விற்க உரிய பதிவைப் பெற வேண்டும். தனி ஒருவரால் ஆகாததைப் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்தால் செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விலை ஏறுகிறதே என்று நிலத்தை மனைக்கோ சொகுசு விடுதிக்கோ விற்றுவிடக் கூடாது. விற்றவன் நாளை அதே விடுதியில் கூலிக்கு நிற்க நேரும்.

அரசின் கடமையும் உண்டு. கோட்டைக்கு வெளியே, பாதுகாக்கப்பட்ட எல்லையைத் தாண்டி, விவசாயிகள் நேரடியாக விற்க இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடம் வியாபாரிகள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விவசாயமே முதல் என்ற விதியை இங்கும் கொண்டுவர வேண்டும்.

கோட்டைக்குள் இன்றும் பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறது. 1698ல் முடிந்த மொகலாயர் முற்றுகையைச் செஞ்சி ஆண்டுக்கணக்கில் தாங்கியது. மதில் மட்டும் அதற்குப் போதாது, சோறும் வேண்டியிருந்தது. அந்தச் சோற்றை விளைவிக்கும் கிராமங்களை ஒதுக்கிவிட்டுக் கோட்டைக்கு மட்டும் பெருமை சேர்ப்பது முறையாகாது.