மடியில் தொடங்கும் வாசிப்பு



முசஃபாவில் எம்மவர் பலருக்கு வீடு என்பது சாபியாப் பகுதிக் கட்டடம் ஒன்றில் ஓர் அறைதான். தகப்பன் வேலைத்தலத்திலிருந்து வரும்போது இருட்டிவிடும். வெயிற் காலத்தில் பிள்ளையை வெளியே கொண்டுபோகவும் முடியாது. அழுகிற பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு எம் அலுவலைப் பார்க்கிறோம். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எமது வீட்டிலும் இதுவே நடந்தது.

எமது மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில் கூப்பிட்டால் திரையைப் பார்ப்பான், வாய் திறக்கமாட்டான். பக்கத்து அறையில் மலையாளம், கடையில் இந்தி, படங்களில் ஆங்கிலம். நாம் சாப்பிடச் சொல்லும்போதும் ஏசும்போதும்தான் அவன் காதில் தமிழ் விழுந்தது. இப்படியே போனால் பேரனும் அம்மம்மாவும் கதைக்க ஒரு மொழி இராது என்ற பயம் எமக்கு வந்தது.

ஊருக்குப் போய் வந்த ஒருவர் தந்த மூன்று படப் புத்தகங்களோடு தொடங்கினோம். முதல் வாரம் புத்தகத்தைக் கடித்தான். ஒரு தாளைக் கிழித்தான். ஏசாமல் அவன் முன்னாலேயே ஒட்டி வைத்தோம். பிறகு ஒரே புத்தகத்தையே நாள்தோறும் கொண்டுவந்து நீட்டினான். எமக்குச் சலித்தது, அவனுக்குச் சலிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் என்ன வருமென்று தெரிந்திருப்பதே அந்த வயதுப் பிள்ளைக்குப் பெரிய மகிழ்ச்சி. இரண்டு மாதம் சென்று, "மாடு எங்கே ராசா?" என்று அம்மம்மா கேட்க, புத்தகத்தைத் தூக்கிக் காட்டி "மா" என்றான். மறுமுனையில் அவர் அழுதுவிட்டார்.

இந்த வயதில் எழுத்துப் படிப்பிக்கத் தேவையில்லை. நித்திரைக்கு முன் பத்து நிமிடம் மடியில் வைத்துப் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குப் பொறுத்திருங்கள். வாசிக்கத் தடுமாறும் தாயும் படத்தைப் பார்த்துத் தன் கதையைச் சொல்லலாம். தகப்பன்மார் களைத்து வந்தாலும் வாரத்தில் இரண்டு நாளாவது இதைச் செய்யுங்கள். புத்தகத்தை அலுமாரியில் பூட்டாமல் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

தமிழ்ப் புத்தகம் கிடைக்காதோர் கவலைப்பட வேண்டாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அருகிலுள்ள ரைப்பிங் சென்ரரில் ஒன்றை அச்செடுத்து, மட்டை வைத்துத் தைத்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு புத்தகம்.

வசதியான நாடுகளும் இதைச் சிறிய விடயமாக எண்ணவில்லை. பிரித்தானியாவின் பேர்மிங்காம் நகரில் 1992இல் 300 குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுத்துத் தொடங்கிய புக்ஸ்டார்ட் திட்டம் பின்னர் நாடளாவியதாயிற்று. நாம் வாழும் அமீரகமும் 2016ஐ வாசிப்பு ஆண்டாக அறிவித்தது; வாசிப்புக்கெனத் தேசியச் சட்டமொன்றையும் அதே ஆண்டில் கொண்டுவந்தது.

எமக்கு இதில் இன்னொரு கடமையும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்த நூலகம் எப்படித் தொடங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சிறிய அறையில் 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது.

அதுவும் ஓர் அறைதான். எமது அறையில் இப்போது பதினொரு புத்தகங்கள் உள்ளன. விடுமுறை நாளில் பிள்ளையோடு வாருங்கள். ஒன்றைக் கொண்டுபோய், வாசித்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். கிழிந்து வந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்வோம்.