குளவி கொட்டினால் உடம்புக்குள் நடப்பது என்ன?

நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்திலிருந்து குளவிக் கொட்டுச் செய்தி அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள். ஒரே மலையில் கொட்டு வாங்கிய இருவரில் ஒருத்தி மாலையே வீடு திரும்புகிறாள். மற்றவள் உயிருக்குப் போராடுகிறாள். ஏன்?

எத்தனை கொட்டு என்பது ஒரு காரணம். மற்றது நம் உடம்பிலேயே இருக்கும் மாஸ்ட் கலங்கள். 1878இல் ஜெர்மனியின் பால் எர்லிக் இவற்றுக்குப் பெயரிட்டார். உள்ளே மணிமணியாக நிறைந்திருந்ததால் நன்றாகத் தின்று கொழுத்தவை என்று எண்ணிவிட்டார்! உண்மையில் அவை தோலிலும் சுவாசப் பாதையிலும் குடலிலும் நிற்கும் காவலாளிகள். விஷம் பட்டதும் ஹிஸ்டமினைக் கொட்டும். இரத்தக் குழாய் விரிந்து கசியும், இடம் சிவந்து வீங்கும், வெள்ளை அணுக்கள் ஓடி வரும். வீக்கம் என்பது பாதுகாப்பு வேலைதான். அது மட்டுமல்ல, தேனீ விஷத்தின் கடுமையை மாஸ்ட் கலங்கள் குறைக்கின்றன என்பது 2006இல் எலிகளில் செய்த ஆய்வில் தெரியவந்தது.

ஆனால் முன்பு கொட்டு வாங்கிய சிலருடைய உடம்பு, அந்த விஷத்துக்கெதிராக ஐ.ஜி.ஈ. என்ற பிறபொருளெதிரியைத் தயாரித்து மாஸ்ட் கலங்களின் மேல் ஒட்டி வைத்திருக்கும். அடுத்த முறை ஒரே கொட்டில் உடம்பெங்கும் உள்ள கலங்கள் ஒன்றாக வெடிக்கும். இரத்த அழுத்தம் விழும், மூச்சுக்குழல் சுருங்கும். "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிடக் கூடாது, சகோதரிகளே.

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் பயமில்லை. கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் கண்டால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். உடனே வைத்தியசாலை. அங்கே முதலில் தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குத் தரும் மாத்திரை அதற்கு ஈடாகாது.

நாம் குளவி என்று சொல்வதில் பல, பெரிய மலைத்தேனீக்கள். தோலில் முள் நின்றால் அது தேனீ. நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள்; தாமதித்தால் விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். பல கொட்டு பட்டவருக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் விஷமே சிறுநீரகத்தைத் தாக்கலாம், ஆகவே அவரும் வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஊசியில் தெளிந்தவருக்குச் சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் திரும்ப வருவதுண்டு. "பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள்" என்று அவசரப்பட்டுத் துண்டு வெட்டிக்கொண்டு வராமல், வைத்தியர் சொல்லும்வரை வார்டிலேயே இருக்கட்டும்.