வளாகத்துக்குப் பக்கம் என்னும் மயக்கம்

ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓரிரு நாள் வேலையாகச் செல்வோர், வளாகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் அறை கிடைக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று நம்புகின்றனர். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், வாய்மொழித் தேர்வு நடத்த வரும் புறத்தேர்வாளர், கருத்தரங்கில் கட்டுரை படிக்க வரும் ஆய்வு மாணவர் என எல்லோரிடமும் வேரூன்றிவிட்ட இந்த நம்பிக்கையை எவரும் உரசிப் பார்ப்பதில்லை. எதற்குப் பக்கம், எந்த நேரத்தில் பக்கம் என்று கேட்டாலே அது ஆட்டம் காணத் தொடங்கும். இதைச் சோதித்துப் பார்க்கச் சென்னையின் கிண்டி, அடையாறு வட்டாரத்தை விடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் இல்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களை ஓரிடத்தில் வைத்துத் தரவரிசைப்படி மாணவர்களை அழைத்து நிரப்பும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, 2017 வரை அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரடியாகவே நடந்தது. குறித்த நேரத்துக்கு உள்ளே இருந்தாக வேண்டும் என்ற பதைப்போடு, சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, எல்லா மாவட்டங்களிலிருந்தும் இரவுப் பேருந்தில் வந்திறங்கிய குடும்பங்களுக்கு, வாயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை கிடைப்பது பெரிய ஆறுதலாக இருந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிவிட்டது. கூட்டம் கலைந்த பிறகும் அது உண்டாக்கிய பழக்கம் கலையவில்லை. இன்று அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுவது அறை பதிவு செய்யும் செயலிகள்.

இச்செயலிகள் காட்டும் தூரம் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்தவர் அதை நம்பிப் பணம் கட்டத் தயங்குவார். ஒரு கல்வி நிறுவனம் முழுவதையும் வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாகக் குறித்துவிட்டு, அந்தப் புள்ளிக்கும் விடுதிக்கும் இடையே உள்ள நேர்கோட்டு நீளத்தையே, அதாவது பறவை பறக்கும் தூரத்தையே, அவை பெரும்பாலும் கணக்கிடுகின்றன. 1959இல் தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யின் வளாகம் 600 ஏக்கருக்கு மேற்பட்டது. சர்தார் பட்டேல் சாலையில் இருக்கும் முதன்மை வாயிலில் இறங்குபவர், வளாகத்தின் நடுமையமாகக் கருதப்படும் கஜேந்திரா வட்டத்தை அடையவே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே செல்ல வேண்டும். மாணவர் விடுதிகள் அதையும் தாண்டி இருக்கின்றன. வாயிலுக்கு எதிரே அறை எடுத்த தந்தை, பெட்டி படுக்கையோடு பிள்ளையின் விடுதியைச் சென்றடைய எப்படியும் வளாகப் பேருந்தையோ வாடகை வண்டியையோதான் நாட வேண்டும். வண்டி ஏறுவது உறுதி என்றால், அதை எதிர்வாடையில் ஏறினால் என்ன, ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஏறினால் என்ன?

வளாகத்தை ஒட்டிக் கிண்டி தேசியப் பூங்காவும் பரந்து கிடக்கிறது. அதற்கு மேற்கே வேளச்சேரிச் சாலையோரம் இருக்கும் ஒரு விடுதி வரைபடத்தில் ஐ.ஐ.டி.யின் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்பதுபோல் தெரியலாம். ஆனால் காட்டுக்குள் பொதுச்சாலை இல்லையாதலால், மான்கள் போகும் வழியில் மனிதர் போக முடியாது, வடக்கே கிண்டி வழியாகச் சுற்றித்தான் முதன்மை வாயிலுக்கு வர வேண்டும். பக்கவாட்டு வாயில்கள் உண்டே என்பர். அவை எல்லா நேரமும் எல்லா வாகனங்களுக்கும் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவது புத்திசாலித்தனம் ஆகாது. கருத்தரங்கோ முதன்மை வாயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஆராய்ச்சிப் பூங்காவில் நடக்கலாம். அதற்குத் தரமணிப் பக்கமாகச் செல்ல வேண்டும்.

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், பக்கம் என்ற சொல்லே பொருளிழந்துவிடுகிறது. அதற்குச் சேப்பாக்கத்தில் ஒரு வளாகமும், மெரினா கடற்கரைச் சாலையில் ஒன்றும், கிண்டியில் ஒன்றும், தரமணியில் ஒன்றும் உண்டு. அழைப்புக் கடிதத்தின் தலைப்பில் சேப்பாக்கம் முகவரியைப் பார்த்துவிட்டுத் திருவல்லிக்கேணியில் அறை எடுத்தவருக்கு, தேர்வு கிண்டி வளாகத்துத் துறையொன்றில் என்பது முந்தைய நாள் மாலையில்தான் தெரியவரும். சேப்பாக்கத்திலேயே வேலை இருப்பவருக்கு மட்டும் பழைய நம்பிக்கை இன்றும் பலிக்கும். மலிவான லாட்ஜும், விடிகாலையிலேயே இட்லி கிடைக்கும் மெஸ்ஸும் திருவல்லிக்கேணிச் சந்துகளில் அக்கம்பக்கமாக இருப்பதே அதற்குக் காரணம்.

ஆயினும் தூரத்தைப் பற்றிய பிழையை விட நேரத்தைப் பற்றிய அலட்சியமே பணத்தையும் நிம்மதியையும் கூடுதலாகத் தின்கிறது. தமிழ்நாட்டு லாட்ஜுகள் பலவற்றில் இன்னும் 24 மணி நேர முறை வழக்கில் இருக்கிறது. காலை 5 மணிக்கு அறைக்குள் நுழைந்தால் மறுநாள் காலை 5 மணி வரை ஒரு நாள் வாடகை. நட்சத்திர விடுதிகளிலும் செயலி வழிப் பதிவாகும் பல விடுதிகளிலுமோ, நண்பகல் 12 மணி அல்லது அதற்குப் பிறகுதான் அறை கிடைக்கும், மறுநாள் முற்பகல் 11 மணிவாக்கில் காலி செய்ய வேண்டும். இரவுப் பேருந்தில் வந்து விடியலில் இறங்கி, குளித்து உடை மாற்றி, 10 மணி வாய்மொழித் தேர்வுக்குப் போக வேண்டிய ஒருவர், வாயிலருகே இருக்கும் இந்த இரண்டாம் வகை விடுதியில் அறை பதிந்திருந்தால், வரவேற்பறைச் சாய்விருக்கையில் காத்திருக்க வேண்டும், இல்லையேல் முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை கட்ட வேண்டும். எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள 24 மணி நேர லாட்ஜ் அவருக்குப் பாதிச் செலவில் முழுப்பயன் தரும். வெந்நீர் காலை 6 மணி முதல் 9 மணி வரை மட்டும் என்று வரவேற்பு மேசைக்குப் பின்னால் தொங்கும் அட்டைகூட, வளாகம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதைவிட அவருக்கு முக்கியமான செய்தி.

வந்திறங்கும் இடமும் மாறிவிட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டங்களிலிருந்து வரும் அரசுப் பேருந்துகளின் பயணம் நகரின் தெற்கு விளிம்பிலேயே முடிகிறது. அங்கிருந்து வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ வந்து மின்சார ரயில் ஏறினால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வழியாக நேரே கிண்டி. இத்தடத்தில் நிலையத்துக்கு எதிரே தங்கியவர் சாலை நெரிசலைப் பொருட்படுத்தாமல் கிண்டி வரை வந்துவிடலாம். அடையாறில் தங்கியவரோ காலை 9 மணிக்கு மத்திய கைலாஷ் சந்திப்பின் சிக்னலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தரமணிப் பக்கம் வேலை உள்ளவருக்கு, கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பெரும்பாலும் உயர்த்தப்பட்ட தடத்தில் ஓடுவதால் பறக்கும் ரயில் எனப்படும் சேவை, மயிலாப்பூரில் தங்குவதையும் வசதியாக்குகிறது.

ஊருக்கு வெளியே அமைந்த பல்கலைக்கழகங்களில் இந்த நம்பிக்கை இன்னும் மோசமாகக் காலை வாரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டித் தேனி செல்லும் சாலையில் இருக்கிறது. அருகிலேயே தங்க முயல்பவர், இரவுச் சாப்பாட்டுக்கும் அவசரத்துக்கு ஒரு மருந்துக்கும் நகரத்தையே நம்பியிருக்க வேண்டும். தேனிப் பேருந்துகள் புறப்படும் ஆரப்பாளையத்தின் அருகே தங்கியவருக்கு நகரமும் கையெட்டும், வளாகமும் ஒரே பேருந்தில் வந்துவிடும்.

அருகாமைக்கு மதிப்பே இல்லை என்று யாரும் வாதிட முடியாது. காலை 7 மணிக்கே வரச்சொல்லும் போட்டித் தேர்வை எழுதுபவர், ஒரே நாளில் இருமுறை அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்க வேண்டிய முதியவர் ஆகியோருக்கு அது கொடுக்கிற விலைக்குத் தகும். ஆனால் அவர்களும் பார்க்க வேண்டியது தேர்வு நடக்கும் கட்டடத்தின் அருகாமையை. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய வளைவின் அருகாமையை அன்று. பட்டமளிப்பு விழா நாள்களில் அந்த வளைவைச் சுற்றியுள்ள அறைகளின் வாடகை ஏறுவதற்குக் காரணம், எல்லோரும் அதே வளைவை மையமாகக் கொண்டு தேடுவதுதான்.

இதில் பல்கலைக்கழகங்களுக்கும் பங்கு உண்டு. வெளியூர் விருந்தினருக்கு அனுப்பும் கடிதங்களில் துறைகள் அருகிலுள்ள விடுதிகளின் பட்டியலைத் தூர வரிசையில் இணைத்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுகின்றன. வளாக விருந்தினர் இல்லத்தில் அறை வேண்டுமானால் துறையிலிருந்து யார் பரிந்துரைக்க வேண்டும் என்பதைக்கூடச் சொல்வதில்லை. எந்தக் கட்டடம், எந்த வாயில், அந்த வாயில் எத்தனை மணிக்குத் திறக்கும், அதற்கு நேர்வழியாக வரும் ரயில் நிலையமோ பேருந்து நிறுத்தமோ எது என்ற நான்கு விவரங்களை அச்சிட அரைப் பக்கம் போதும்; விடுதிப் பட்டியலை எடுத்துவிட்டால் அந்த அரைப் பக்கம் தானே கிடைக்கும்.