கையெழுத்துக்கு முன் தமிழில் கேளுங்கள்



தேக்காவிலோ வேலையிடத்திலோ போலீஸ் உங்களைக் கைது செய்தால் திமிறாதீர்கள், வாய்ச்சண்டை வேண்டாம். எதற்காகக் கைது என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் 9-வது பிரிவு தரும் உரிமை அது. சாதாரண வழக்குகளில், விடாமல் வைத்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் அதை உங்களிடம் எடுத்துச் சொல்வது போலீசின் கடமை அல்ல என்று 1998-இல் ராஜீவன் எடக்களவன் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞரைப் பார்க்க உடனே விட வேண்டியதில்லை, நியாயமான காலத்துக்குள் விட்டால் போதும் என்றது 2014-இல் ஜேம்ஸ் ராஜ் வழக்கு. ஆக, முதல் வாக்குமூலம் கொடுக்கும்போது பெரும்பாலும் நீங்கள் தனியாள்தான்.

அங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வெட்கப்பட்டு "இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள்! தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எழுதிய வாக்குமூலத்தை உங்களுக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, என்ன பதில் என்று கேட்டால், உங்கள் பக்கத்து நியாயத்தை அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு கோர்ட்டில் முதன்முதலாகச் சொன்னால் நீதிபதி நம்புவது கடினம்.