கொல்லைப்புறக் குறிப்பும் அறிவியலே

பறவை பார்ப்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு, அறிவியலோ ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்று நினைப்பவர்கள் பலர். இந்தப் பிரிவினை தவறு. அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஹம்மிங் பறவைகளைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் முக்கியமான சில, சாதாரண மக்கள் பொறுமையாகப் பார்த்துக் குறித்துவைத்ததால் தெரியவந்தவை.

ரூஃபஸ் ஹம்மிங் பறவையையே எடுத்துக்கொள்வோம். எடை 3 முதல் 4 கிராம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், அலாஸ்கா வரை, கோடையில் கூடு கட்டும். குளிருக்கு மெக்சிகோ போய்விடும். லூசியானா, புளோரிடா பக்கம் குளிர்காலத்தில் தென்பட்டவற்றை வழிதவறியவை என்றே பலரும் கருதினார்கள். அங்குள்ள வீட்டுக்காரர்கள் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளைக் குளிரிலும் தொங்கவிட்டார்கள். அரசு உரிமம் பெற்ற தன்னார்வலர்கள் வந்த பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிவிட்டார்கள். வளையமிட்ட பறவைகளில் சில, அடுத்தடுத்த குளிர்காலங்களில் அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தன. 2010 ஜனவரியில் புளோரிடாவின் டல்லஹாசியில் வளையமிடப்பட்ட ஒன்று, அதே ஆண்டு ஜூன் மாதம் அலாஸ்காவில் பிடிபட்டது. இடைப்பட்ட தூரம் நேர்க்கோட்டிலேயே 5,500 கிலோமீட்டருக்கு மேல். வழிதவறிய பறவை இப்படிப் போய்வராது.

ஆர்வலர்களின் குறிப்பை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. ரூஃபஸ் இனத்துப் பெண் பறவையை ஆலன் ஹம்மிங் பறவையிலிருந்து களத்தில் பிரித்தறிய நிபுணர்களே திணறுவார்கள். அதனால்தான் 2002-ல் கார்னெல் பல்கலைக்கழகமும் ஆடுபான் சங்கமும் தொடங்கிய இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் 'இரண்டில் ஒன்று' என்று பதியவும் இடமுண்டு. வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அந்தந்தப் பகுதியின் அனுபவசாலிகள் சரிபார்க்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதும் பதிவாவதால், ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களிலிருந்தே குறிப்புகள் குவியும் குறையை ஓரளவு கணக்கிட்டுச் சரிசெய்ய முடிகிறது. தனி ஒருவரின் குறிப்பு பிழையாகலாம். பல்லாயிரம் பேரின் குறிப்புகளில் திரும்பத் திரும்பத் தெரியும் போக்கை அப்படித் தள்ளிவிட முடியாது.

குப்பி வைப்பது இயற்கையில் தலையிடுவதாகாதா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆகும்தான். கலிபோர்னியா பக்கத்து அன்னா ஹம்மிங் பறவை வடக்கே பரவியதற்குத் தோட்டப் பூக்களோடு குப்பிகளும் காரணம். கழுவாத குப்பியில் பூஞ்சை வளர்ந்து பறவைக்கு நோய் தரும். தேனும் சிவப்புச் சாயமும் சேர்க்கவே கூடாது. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் போதும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் அன்னா இனம் இப்படிப் பரவியதை நமக்குக் காட்டியதும், தங்கள் வீட்டுக் குப்பிக்கு வந்தவற்றை எண்ணி அனுப்பிய மக்களின் கணக்குத்தான். தலையீட்டை அளந்து சொன்னவர்களும் அவர்களே.

ரூஃபஸ் இனத்தின் எண்ணிக்கை 1970-க்குப் பிறகு பாதிக்கும் மேல் சரிந்துவிட்டது. வட அமெரிக்காவில் 1966 முதல் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் ஒரே சாலைகளில் நின்று எண்ணிவராவிட்டால் இந்தச் சரிவு தெரிந்திருக்காது. தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015-ல்தான் தொடங்கியது. தேன்சிட்டும் சிட்டுக்குருவியும் எவ்வளவு இருந்தன என்பதற்கு வட அமெரிக்கர்களிடம் இருப்பதுபோல் அரை நூற்றாண்டுக் கணக்கு நம்மிடம் இல்லை. நம் பள்ளிகளும் கல்லூரிகளும் ஜனவரியில் நான்கு நாள் நடக்கும் இந்தப் பொங்கல் கணக்கெடுப்பைப் பாடவேளையாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.